கடையில் இல்லாத உரு

கடைக்காரப் பெண் ஒரு வயிற்றை எடுத்து நீட்டினாள். வெள்ளிப் பூச்சுப் பூசிய காணிக்கைத் தகடு, உள்ளங்கை அகலம், நடுவில் தொப்புளுக்கென்று ஆணியால் ஒரு குத்து. பிலோமி அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு ஒட்டிப்போன வயிறா? சோத்துக்கு வழியில்லாதவ வயிறு மாதிரில்ல இருக்கு. கொஞ்சம் தொப்பை உள்ளதாக் குடும்மா" என்றாள். கடைக்காரப் பெண் சிரித்தாள். பிலோமியின் அக்கா எமரன்சி, "வாய மூடிக்கிட்டு வாங்குடி, மாதா காரியத்துல என்ன நையாண்டி" என்று ஜெபமாலையை உருட்டியபடியே அதட்டினாள். மகள் ஜெசிந்தா அம்மாவையும் வயிற்றையும் சேர்த்துப் போனில் படம் எடுத்தாள். பிலோமியின் புருஷன் இன்னாசி மட்டும் கடையின் தார்ப்பாய் நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவில் ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்றான். வயிறு இல்லை. அவனுக்குத் தெரியும். பிலோமியின் வயிற்றில் ஒரு குறையும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரே சொன்னார், அதற்குப் பின்னால்தான் என்றார், பின்னால் என்றால் எங்கே என்று இவன் கேட்டபோது மருந்துச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ஒரு படம் வரைந்தார், மாவிலை மாதிரி, இல்லை மீன் மாதிரி, இது தலை, இது வால், தலைப்பக்கம் கட்டி. கணையம். பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். சீட்டில் பெயரைப் பார்த்துவிட்டு, "கிறிஸ்துமஸ் வரைக்கும்னு நினைச்சுக்கங்க" என்றார். நல்ல மனுஷன். தன்னுடைய பண்டிகையைச் சொல்லாமல் இவர்களுடைய பண்டிகையைச் சொன்னார். அதிலிருந்து இன்னாசிக்கு நாள்காட்டியில் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. டிசம்பர் என்பது அவனைப் போன்ற பேக்கரி மாஸ்டருக்குத் தூக்கமில்லாத மாதம், பிளம் கேக்குக்குப் பழம் ஊறவைக்கிற மாதம், பிலோமி வீட்டில் உட்கார்ந்து பேரீச்சம்பழத்துக்குக் கொட்டை எடுத்துக் கொடுப்பாள், எடுக்கும்போதே பாதியைத் தின்பாள், இந்த வருஷம் யார் எடுப்பார்கள் என்று நினைத்தான், உடனே ச்சீ என்று தன்னையே காறித் துப்பினான், துப்பிய இடத்திலேயே மறுபடியும் அந்த நினைப்பு ஊறி நின்றது. பிலோமிக்குச் சொன்னது வயிற்றுப்புண். புண்ணுக்கு மருந்து ஏற்றப் போகிறார்கள், திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அதற்கு முன்னால் வேளாங்கண்ணிக்கு ஒரு நடை போய்வந்துவிடலாம். சொல்லக் கூடாது என்று வைத்தது எமரன்சி. "சொன்னா அன்னிக்கே படுத்துருவா தம்பி. எங்க அப்பா அப்படித்தான் போனாரு, சீக்குல சாகல, சீக்கோட பேருலயே செத்தாரு" என்றாள். அவனும் சரி என்றான். சரி என்று சொல்வது அப்போது ரொம்ப லேசாக இருந்தது.

ஆனால் அதே எமரன்சிதான் வழியெல்லாம் வேனில் தையல்காரர் அடைக்கலத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். திண்டுக்கல்லில் அவர்கள் தெருவில் அது தெரியாத ஆள் கிடையாது. அடைக்கலத்துக்கு வலது முட்டியில் நோவு, அவர் பெண்டாட்டி அவசரத்தில் இடது கால் உருவை வாங்கிக் காணிக்கை போட்டுவிட்டாள், ஊர் திரும்பினால் வலது அப்படியே இருக்க, நன்றாக இருந்த இடதும் பிடித்துக்கொண்டது. "மாதா என்னடி செய்வா, நீ கையில குடுத்தத வச்சுத்தான பாப்பா? கூட்டத்துல ஒவ்வொருத்தன் வீட்டுக் கதையையும் தேடிப் பாக்கவா அவளுக்கு நேரம்?" என்று எமரன்சி கையை விரிக்க, பிலோமி, "அப்ப அடைக்கலம் மாமா ரெண்டு காலையும் சேத்துப் போட்டுப் புதுசா மிஷின் ஒண்ணும் கேட்டிருக்கலாம்" என்றாள். வேன் முழுக்கச் சிரிப்பு. டிரைவர்கூடச் சிரித்தான். இன்னாசி ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு, ராவெல்லாம் விழித்தே பழகிய கண் பகலில் எரிய, அந்தக் கதையில் மாட்டிக்கொண்டான். சிரிப்புக் கதைதான். ஆனாலும் இடது கால் எங்கே போய்ச் சேர்ந்தது? கொடுத்ததை அவள் வாங்கிக்கொண்டாளா இல்லையா? கோயில் வாசலில் எமரன்சியைத் தனியே மடக்கி, "மதினி, வயிறு இல்லையே" என்றான். அவளுக்கு அவன் என்ன சொல்கிறான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அவ போடுறத அவ போடட்டும். நீங்க மனசுல சரியாச் சொல்லிக்கங்க" என்றாள். "மனசுல சொன்னாப் போதும்னா தகடு எதுக்கு மதினி?" ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்த எமரன்சியின் விரல் ஒரே மணியில் நின்றுவிட்டது. கண் மட்டும் நிறைந்து, மூக்கை முந்தானையில் உறிஞ்சிக்கொண்டு, "போங்க தம்பி, வரிசை நகருது" என்றாள்.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவன் கடைக்குத் திரும்பி வந்தான். கயிற்றில் தொங்கின கண்கள், கைகள், கால்கள், தனியே ஒரு காது, இதயம், இரண்டு அவரை விதை மாதிரி கிட்னி, தொட்டில், வீடு, ஒரு ஆட்டோகூட இருந்தது. காற்றில் ஒன்றோடொன்று உரசி சிலுசிலுவென்றன. "கணையம் இருக்காம்மா?" கடைக்காரப் பெண் தலையைச் சாய்த்தாள். "அது என்னண்ணே, வெளிநாட்டு சாமானா?" "வயித்துக்குப் பின்னாடி இருக்கும்." "பின்னாடின்னா முதுகு தரவா? முதுகு நல்லாப் போகுது." அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கண் என்றால் கண், பச்சைப் பிள்ளைகூடக் காட்டும். ஒருத்தருக்கும் தன் உடம்பில் இருப்பதே தெரியாத ஒன்று, வாழ்நாளெல்லாம் ஒரு சத்தம் போடாமல், ஒரு பாட்டில் வராமல், ஒரு வசவில்கூட வராமல் (உன் குடல உருவுவேன் என்கிறார்கள், ஈரலைத் தின்பேன் என்கிறார்கள், கணையத்தை யார் என்ன செய்தார்கள்?) இருட்டில் கிடந்துவிட்டு, ஒருநாள் எழுந்து உட்கார்ந்து வீட்டைப் பிடித்துக்கொண்டது. "உள்ள இருக்கிறது எதுவா இருந்தாலும் முழு ஆளா வாங்கிப் போடுங்கண்ணே, எல்லாம் அதுக்குள்ள அடக்கம்" என்று அவள் ஒரு பெண்ணுருவை எடுத்துத் தட்டில் வைத்தாள். கையிரண்டும் பக்கத்தில் நீட்டி, கால் சேர்த்து, மல்லாந்து, பளபளவென்று. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு, மூடிய கண் மாதிரி. சவப்பெட்டிக்குள் வைத்தால் அப்படித்தான் இருக்கும். அவன் சட்டென்று இரண்டடி பின்னால் போய் யார் காலையோ மிதித்துவிட்டான். "வேண்டாம். மெழுகுவர்த்தி ஒண்ணு குடு" என்றான். ஏன் கேட்டோம் என்று தெரியாமல்தான் கேட்டான். தடியான வெள்ளை மெழுகு. வெயிலில் கிடந்து ஏற்கனவே லேசாக இளகியிருந்தது. கோயிலுக்கு வெளியே நூறு பேர் ஏற்றிய தீயில் ஒரு வர்த்தியைத் தலைசாய்த்து நிற்கவைத்துவிட்டு வர எவ்வளவு நேரம்? அவன் ஏற்றவில்லை. திரியை உருவி எறிந்துவிட்டு மெழுகைப் பேண்ட் பைக்குள் போட்டு, கையையும் உள்ளே விட்டுக்கொண்டான்.

உள்ளே பிலோமி வயிற்றைக் காணிக்கையாகப் போட்டாள். இவன் பக்கத்தில் நின்றான். அவள் உதடு அசைந்தது. பிள்ளைக்கு நல்ல இடம் அமையணும், இவருக்கு ராவேலை மாறணும், அக்காவுக்குச் சர்க்கரை இறங்கணும் என்று எல்லாருக்கும் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் தனக்குக் கேட்பாள், அந்த வயிற்றுப்புண்ணையும் கொஞ்சம் பாத்துக்க என்று, கடையில் மறந்துபோன சாமானைத் திரும்பி வந்து கேட்கிற மாதிரி. மாதா மேலே பட்டுச் சேலையில் நின்றாள். அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவன் நினைத்தான், அவ சொல்றது இல்ல, நம்பாத, வயிறு இல்ல. ஆனால் பக்கத்தில் பெண்டாட்டி உண்மை என்று நம்பிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது புருஷன் நின்று அதைப் பொய் என்று சொல்வதா? கோள் சொல்கிற மாதிரி இருந்தது. பைக்குள் விரல் மட்டும் மெழுகை அழுத்திக்கொண்டிருந்தது.

காணிக்கைகள் வைத்திருக்கும் மியூசியத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று ஜெசிந்தா சொன்னாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பெட்டியாக, வெள்ளிக் கப்பல், வெள்ளி வீடு, வெள்ளியில் ஸ்டெதாஸ்கோப். "இங்க பாருங்க, டாக்டருக்குப் படிச்ச பிள்ளை போட்டிருக்கு. நம்ம ஒரு வெள்ளி பன்னு செஞ்சு போடுவமா, பேக்கரி மாஸ்டர் குடும்பம்னு?" என்றாள் பிலோமி. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கழுத்தெலும்பு இரண்டும் துருத்தி நின்றன. ரவிக்கை தோளில் நிற்கவில்லை, ஊக்கை மாற்றிக் குத்தியிருந்தாள். எல்லாம் கிடைத்தவர்கள் போட்டது, என்று இன்னாசி ஒவ்வொரு கண்ணாடியாகக் கடந்தான், கிடைத்தவர்கள், கிடைத்தவர்கள். கிடைக்காதவர்கள் என்ன போட்டார்கள்? அவர்களும் வேன் பிடித்துத்தான் வந்திருப்பார்கள், அவர்களும் வழியில் சிரித்துத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு மியூசியம் கட்டினால் இந்தக் கடற்கரை போதாது. பைக்குள் மெழுகு சூடேறி இளகிவிட்டிருந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக மாவு பிசைந்த கை, அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உருட்டியது, நீட்டியது, ஒரு முனையை ஒடுக்கியது. மாவு என்று நினைத்ததும் நெஞ்சில் ஏதோ தட்டியது. அவன் தொழில் என்ன? ராத்திரியில், கதகதப்பான இடத்தில், ஈரத்துணி மூடி, ஒன்றை உப்பவைப்பது. பிசைந்து வைத்துவிட்டுப் பீடி பிடித்துவிட்டு வந்தால் இரண்டு பங்காக நிற்கும். கையை வைத்தால் உயிருள்ளது மாதிரி மூச்சு விடும். இத்தனை வருஷம் அதைப் பார்த்து ஒருநாளும் பயந்ததில்லை, நல்ல உப்பல் என்று தட்டிக் கொடுத்திருக்கிறான். அங்கே அவன் அதைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த ராத்திரிகளில் இங்கே வீட்டில், பக்கத்தில் ஆள் இல்லாத பாயில், போர்வைக்கு அடியில், இன்னொன்றும். வீட்டில் படுத்திருந்தால் தெரிந்திருக்குமோ. முதுகில் கைபோட்டுப் படுக்கிறவனுக்கு ஏதாவது தட்டுப்பட்டிருக்குமோ. பகலில் அவன் தூங்குவான், அவள் சத்தம் வராமல் பாத்திரம் துலக்குவாள். "அப்பா, அம்மா பக்கத்துல நில்லுங்க, சிரிங்க" என்றாள் ஜெசிந்தா. நின்றான். சிரித்தான். போனை நீட்டிக் காட்டினாள். பிலோமி கன்னம் ஒடுங்கி, ஆனால் கண் நிறையச் சிரித்துக்கொண்டு, பின்னால் கண்ணாடிக்குள் வெள்ளிக் கப்பல். நல்ல படம். இது நல்லாருக்கு, பெரிசு பண்ணலாம், கப்பலை எடுத்துவிட்டு, தன் தோளையும் எடுத்துவிட்டு, அவள் முகம் மட்டும், நீலப் பின்னணி, கீழே பெயர், அதற்கும் கீழே இரண்டு தேதி, என்று கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் தான் என்ன போட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. "நல்லா இல்ல, அழிச்சிரு" என்று கத்தினான். ஜெசிந்தா முகம் விழுந்துவிட்டது. "அவருக்குத் தூக்கம் பத்தலடி, விடு" என்றாள் பிலோமி.

மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் முட்டி போட்டுப் போகப் போகிறேன் என்று அவள் சேலையை ஏற்றிச் செருகியபோது எமரன்சி பாய்ந்து வந்து தடுத்தாள். "வயித்துப்புண்ணுக்கும் முட்டிக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று தங்கச்சி கேட்டாள். "நான் போறேன்" என்றான் இன்னாசி. "சரி, நீங்க முட்டி போடுங்க, நான் கூட நடந்து வாரேன். புண்ணியம் ஆளுக்குப் பாதி" என்றாள் பிலோமி. அவன் மண்டியிட்டான். சித்திரை வெயிலில் மணல் அடுப்பிலிருந்து இழுத்த தட்டு மாதிரி கொதித்தது. அவள் தன் நிழல் அவன்மேல் விழும்படி பக்கத்தில் நடந்தாள். அந்த நிழல் ரொம்ப ஒல்லியாக இருந்தது, அவன் தோளை மட்டும்தான் மூடியது. மாதா குளத்துக் கோயிலுக்குள் இந்த மெழுகை வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான், பெயர் சொல்லி, கணையம் தாயே, தலைப்பக்கம் என்று சொல்லி வைத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் அவள் பாடு, கேட்கிறவன் சரியாகக் கேட்டான் என்றாவது இருக்கும். இல்லாவிட்டால் இவளிடமே சொல்லிவிட வேண்டும். பிலோமி, ஒண்ணு சொல்லணும். இல்லை, அப்படி ஆரம்பித்தால் பயந்துவிடுவாள். பிலோமி, டாக்டர் அன்னிக்கு. இல்லை. பிலோமி, வெயிலா இருக்கா உனக்கு? அதைத்தான் சத்தமாகக் கேட்டான். "முட்டி போடுறவர் நீங்க, வெயில் எனக்கா?" என்று அவள் சிரித்து, சிரிப்பின் பாதியில் நின்று, கையை முஷ்டியாக்கி மேல்வயிற்றில், நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே, வைத்து அழுத்தினாள். அதே இடம். எப்போதும் அதே இடம். அவள் கைக்குத் தெரிந்திருந்தது. கை போகிற இடம் அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அவன் முட்டியை நகர்த்தினான், மணல், முட்டி, மணல். அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து ஒவ்வொரு தடவையும் "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்ற இடத்தில் நாக்கு நின்றது. பிள்ளையிலிருந்து சொன்ன ஜெபம். அதில் அப்படி ஒரு வார்த்தை இருப்பதை அவன் கவனித்ததே இல்லை. அதைத் தாண்டிக் குதித்து மறுபடி முதலிலிருந்து சொன்னான். கோயிலுக்குள் குனிந்து, பையிலிருந்து கையை எடுத்து, விரலைத் திறக்கும் நேரம். "என்னங்க கையில?" பிலோமியின் முகம் தோளுக்கு மேலே. "ஒண்ணுமில்ல. மெழுகு." "ஏத்தாமக் கசக்கி வச்சிருக்கீங்களா? சின்னப் பிள்ளையா நீங்க?" பின்னால் கூட்டம் தள்ளியது. கை தானாக மூடிப் பைக்குள் போய்விட்டது. வெளியே வந்து வெயிலில் நின்றபோது முட்டியில் ரத்தம் கசிந்திருந்தது. எச்சில் தொட்டுத் தடவிவிட்டாள் அவள்.

கால் நனைக்காமல் போனால் வந்தது கணக்கில்லை என்று கடலுக்குப் போனார்கள். எமரன்சியும் ஜெசிந்தாவும் வறுத்த மீன் வாங்கக் கடைப்பக்கம் போய்விட்டார்கள். பிலோமிக்கு எண்ணெய் வாடையே ஆகவில்லை, அலை வந்து தொடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவனும் உட்கார்ந்தான். இரண்டு பேர் மட்டும். இதைவிட இடம் கிடைக்காது, திங்கட்கிழமைக்கு முன்னால் இதைவிட நேரம் கிடைக்காது. மருந்து ஏற்ற ஆரம்பித்தால் முடி கொட்டும், அப்போது கேட்பாள், புண்ணுக்கு முடி கொட்டுமா என்று, அப்போது யார் வாயிலிருந்தாவது தெரிந்துகொள்வாள், பக்கத்துக் கட்டில்காரி சொல்வாள். அதைவிட நான் சொல்வது மேல். சொல். சொல்லிவிடு. "பிலோமி." "ம்." கடல் வந்தது, போனது. "காட்டுங்க அத" என்றாள் அவள். "எத?" "பையில வச்சு நோண்டிக்கிட்டே இருக்கீங்களே, காலையிலருந்து." எடுத்துக் கொடுத்தான். தானும் அப்போதுதான் அதை வெளிச்சத்தில் பார்த்தான். அவள் உள்ளங்கையில் அது குறுக்கே கிடந்தது, அழுக்கேறி, அவன் விரல்ரேகை முழுக்கப் பதிந்து, வால் ஒடுங்கி, லேசாக வளைந்து. "என்னது, மீனா?" அவன் வாயைத் திறந்தான். இல்லை என்ற ஒரு சொல் போதும். இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வரும். அலை வந்தது. "ஆமா. மீன்" என்றான். "மைதாவத்தான் விட்டு வைக்கல, மெழுகையுமா? நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா தல மட்டும் ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு?" அவன் பார்த்தான். தலைப்பக்கம் ஒரு புடைப்பு, நெல்லிக்காய் அளவு, வழவழவென்று உருட்டி ஒட்டவைத்தது. அதை அவன் செய்யவில்லை. செய்ததாக நினைவே இல்லை. கை செய்திருக்கிறது.

"மீன்னா கடல்ல கெடக்கட்டும்" என்று சொல்லி, அவன் கையை நீட்டுவதற்குள் பிலோமி எழுந்து, பிள்ளைகள் கல் எறிகிற மாதிரி இழுத்து வீசினாள். அவ்வளவு பலம் அவளிடம் இன்னும் இருந்தது. அலைக்கு அப்பால் போய் விழுந்தது. போ, என்று இன்னாசி உள்ளுக்குள் கத்தினான், போ, போயிரு, தாயே எடுத்துக்க, இது வயிறில்ல, இதுதான் அது, பேரு சொல்லிட்டேன், அவ கையாலேயே குடுத்துட்டா, எடுத்துக்க. ஒரு நிமிஷம் கடலும் அதை மறைத்து வைத்திருந்தது. அவன் நெஞ்சுக்குள் என்னமோ ஒன்று இத்தனை நாளில் முதல்தடவையாக இளகியது. பிறகு வெள்ளையாக ஒன்று நுரையில் தலைகாட்டியது. மெழுகு மிதக்கும். யாருக்குத் தெரியாது அது? அலை அதை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து நேரே பிலோமி காலடியில் போட்டது. அவள் கைகொட்டிச் சிரித்தாள். "பாருங்களேன், நாய்க்குட்டி மாதிரி வருது!" மறுபடி எறிந்தாள், இந்தத் தடவை கை அவ்வளவு எட்டவில்லை. மறுபடி வந்தது. "விடு பிலோமி" என்றான், குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, "அது கெடக்கட்டும், வா போவோம், வேன்காரன் கத்துவான்." அவள் குனிந்து அதை எடுத்தாள். குனிந்தவள் நிமிர நேரமானது. நெற்றி வேர்த்து, உதட்டைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு வலி வரும்போது எப்போதும் செய்கிற மாதிரி, கையில் இருந்ததோடு சேர்த்து, அந்தக் கையை நெஞ்சுக்குழிக்குக் கீழே, அதே இடத்தில், குறுக்கே வைத்து அழுத்திக்கொண்டாள். அவன் அதைப் பிடுங்க எழுந்தான். எழுந்தவன் அப்படியே நின்றான், பிடுங்கினால் ஏன் என்று கேட்பாள்.

"தண்ணியில கெடந்து சில்லுனு இருக்குங்க" என்றாள் பிலோமி, கண்ணைத் திறக்காமல். "இதமா இருக்கு. இத வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம்."